ஊர் கூடிய இரவுகள்

உவர்மலைச் சரிவிலிருந்து: திருகோணமலையின் கதை – 14

சென்ற இதழில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதிக் காலையைப் பார்த்தோம். ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. சித்திரைப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. புதுத்துணி எடுக்க வேண்டிய நாளில் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது. வெறிச்சோடிய வீதிகளோடு அந்த அத்தியாயம் நின்றது.

ஊர் கலைந்த கதையைச் சொன்னால் ஊர் கூடிய கதையையும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பல்களையே எண்ணினார்கள். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், 1782இல் ஒரே ஆண்டுக்குள் கோட்டை ஆங்கிலேயர் கைக்கும் பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். இவ்வளவு நடந்துகொண்டிருந்த ஊரில், மாலையானதும் முகம் கழுவி, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய குடும்பங்களும் இருந்தன. அவர்கள் எங்கே போனார்கள், எதைப் பார்த்தார்கள், அந்தப் பயணம் எப்போது நின்றது, எப்படித் திரும்பியது என்பதே இந்த அத்தியாயம்.

கடிதங்களில் ஓர்ஸ் ஹில் என்று எழுதப்படும் உவர்மலை, உட்துறைமுகத்தின் ஓரமாக உயர்ந்து நிற்கிறது. ஆளுநர் செயலகம் இங்கே இருக்கிறது. விவேகானந்தா கல்லூரி இங்கே இருக்கிறது. மாகாண அலுவலகங்கள் பல இங்கே இருக்கின்றன. ஆனாலும் உவர்மலைக் குடும்பம் ஒரு பெருவிழா பார்க்க வேண்டுமென்றால் சரிவிறங்கி நகருக்குத்தான் போக வேண்டும். பத்திரகாளி அம்பாள் கோயிலடி, அதன் அயலிலுள்ள மெக்கெய்சர் மைதானம், டச்சுக்குடாக் கடற்கரை, பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் மலை: நகரம் கூடுகிற இடங்கள் இவை. இந்த நான்கு இடங்களின் இரவுகளைத் தொடர்ந்து போனால் நகரத்தின் வரலாறே கைக்கு வந்துவிடும்.

வீதிக்கு வந்த தெய்வம்

இந்த ஊரின் விழாக்கள் பற்றிக் கிடைக்கும் பழைய செய்திகளில் மிகவும் துயரமானது 1622ஆம் ஆண்டுக்குரியது. கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது ஒரு சித்திரைப் புத்தாண்டு நாளில் என்று மரபு சொல்கிறது. அன்று சுவாமி ஊர்வலமாக நகருக்குள் எழுந்தருளியிருந்தார். ஊரும் அவர் பின்னாலேயே போயிருந்தது. மலையில் ஆளில்லாத அந்த வேளையில் போர்த்துக்கேயச் சிப்பாய்கள் அந்தணர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில் கோயில் தரைமட்டமானது. அதன் கற்கள் கோட்டை மதிலுக்குப் போயின. கோயிலை இழந்த வழிபாடு தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலாகத் தொடர்ந்தது.

328 ஆண்டுகள் கழிந்தன. 1950இல் நகரசபையினர் கோணேசர் மலைக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி என்று ஒவ்வொன்றாகக் கிடைத்த அந்தத் திருமேனிகளை ஊர் பூட்டி வைக்கவில்லை. ஊர்வலமாகப் பல இடங்களுக்கும் கொண்டு போனது. புதிதாக எழுந்த கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 மார்ச் 3ஆம் திகதி. கோயில் இடிந்த நாளிலும் தெய்வம் வீதியில் இருந்தது. மீண்டு வந்தபோதும் வீதிக்கே முதலில் வந்தது.

இன்றும் மகா சிவராத்திரியை அடுத்து வரும் நாட்களில் கோணேசப் பெருமான் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருகிறார். அந்த நாட்களில் நகரத்தின் உள்வீதிகளைப் பார்க்க வேண்டும். படலைக்குப் படலை நிறைகுடம், குத்துவிளக்கு, தோரணம். தவிலும் நாதஸ்வரமும் முன்னே வர, பின்னால் பஜனைக் கூட்டம். படலையில் அம்மம்மா கதிரை போட்டு அமர்ந்திருப்பார். பேரப்பிள்ளை மதிலில் ஏறி நிற்கும். நல்ல தவில்காரர் ஒருவரின் தனியை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்கும் குழந்தை, டிக்கெட் வாங்காமல், மண்டபத்துக்குப் போகாமல், சொந்த வீட்டு வாசலில் நின்று கேட்கிறது. ஊரின் இசைக்கல்வி இப்படித்தான் தொடங்கியது.

கும்பம் ஆடும் இரவு

நகர்வலத்தில் குருக்களும் கோயிலும் நடுவில் இருக்கிறார்கள். நவராத்திரிக் கும்ப விழாவில் நடுவில் இருப்பது தெரு. திருகோணமலைக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

நவராத்திரி தொடங்கியதும் நகரின் பல பகுதிகளில் கும்பம் வைக்கிறார்கள். அதற்கென்று கொட்டகை எழும்பும். நாட்கள் செல்லச் செல்ல அலங்காரம் வளரும். நிறைவை ஒட்டிய இரவில் அந்தந்தப் பகுதி இளைஞர்கள் அலங்கரித்த கும்பத்தைத் தலையில் ஏந்தி, மேள ஒலிக்கு ஆடியபடி வீதிகளில் வருவார்கள். பாரம் கொஞ்சமல்ல. ஒருவர் களைத்தால் இன்னொருவர் தலை கொடுப்பார். ஒரு பகுதியின் கும்பம் இன்னொரு பகுதி வழியே போகும்போது அந்தத் தெருக்காரர் வழிவிட்டு வரவேற்பார்கள். வீதியோரம் முழுக்கக் குடும்பங்கள். கச்சான் கடை, சோளம் அவிக்கும் அடுப்பு, பலூன்காரர். தூக்கம் கண்ணைக் கட்டும் பிள்ளையைத் தகப்பன் தோளில் போட்டிருப்பார். மேளம் கிட்ட வந்ததும் அது துள்ளி எழும்பும்.

கலை விழா என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் ஒரு நகரக் கலை விழாவுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. கைவேலை இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, இசை இருக்கிறது, தெருவுக்குத் தெரு ஆரோக்கியமான போட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்க வந்த சிறுவன் நாலைந்து ஆண்டுகளில் ஆடுகிறவனாக மாறுகிறான். பார்வையாளரையும் கலைஞரையும் பிரிக்கும் கயிறு இந்த விழாவில் கட்டப்படவில்லை.

களரியும் மேடையும்

நகரத்துக்கு வெளியே கொட்டியாரப் பற்றிலும் தம்பலகாமத்திலும் வெருகலிலும் இன்னொரு மரபு இருந்தது. அறுவடை முடிந்து கையில் நெல்லும் ஓய்வும் சேரும் காலத்தில் கூத்து ஆடுவார்கள். நடுவில் களரி, சுற்றிலும் சனம். அண்ணாவியாரின் மத்தளமும் சல்லாரியும் தொடங்கினால் விடியும்வரை நிற்காது. முன்வரிசையில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். அரசன் வரவு என்றால் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். குடும்பத்தோடு போகும் கலை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

படித்தவர்கள் இந்தக் கூத்தை மதிக்காத காலம் ஒன்று இருந்தது. அந்த மனத்தடையை உடைக்கப் பாதை போட்டவர்களில் முன்னோடி சுவாமி விபுலானந்தர். இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய காலத்தில் அவர் இந்த நகரத்தில் பணியாற்றினார். நாடகவியல் பற்றிய அவருடைய ‘மதங்க சூளாமணி’ 1926இல் வெளிவந்தது. பழந்தமிழ் இசைக்கருவிகளை ஆராய்ந்த ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறியது. நாடகமும் இசையும் ஆராய்ச்சிக்குரிய பெரும் துறைகள் என்று காட்டிய அந்த மனிதர் நம் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தவர் என்பது உவர்மலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட வேண்டிய செய்தி.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதை நகரத்துப் பார்வையாளர் ஒரே இருப்பில் பார்த்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கினார். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். கூத்து மண்டபத்துக்குள் வந்ததால் மதிப்புப் பெற்றது உண்மை. அதே வேளை, பாய் விரித்துத் தூங்கிய பிள்ளைக்கு மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நகரக் கலை விழாக்கள் எல்லாமே இன்றுவரை இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் தவிக்கின்றன.

அந்த ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் இங்கே பதிய வேண்டும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நிலையைப் பின்பற்றிய போயா நாட்களே வார விடுமுறை. விடுமுறை எந்தக் கிழமையில் விழும் என்பதைக் கலண்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஞாயிறு பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம் வேலை நாளில் நேரம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விளையாட்டுப் போட்டியும் பாடசாலைக் கலைவிழாவும் நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறித்தன. 1971இல் ஞாயிறு விடுமுறை திரும்பியது. முழுநிலாப் போயா மட்டும் மாதந்தோறும் பொது விடுமுறையாக நிலைத்துவிட்டது. வெசாக் போயாவுக்கு எழும் வெளிச்சக் கூடுகளைப் பார்க்க எல்லா இனத்துக் குடும்பங்களும் வீதிக்கு வரும் வழக்கம் இந்த நகரத்தில் உண்டு.

விளக்கு அணைந்த ஆண்டுகள்

1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் தடுமாறின. ஆனால் விழாக்கள் நிற்கவில்லை. அவை நின்றது பயம் வந்தபோதுதான். 1983க்குப் பிறகான கால் நூற்றாண்டில் ஊரடங்கு, சோதனைச் சாவடி, இடப்பெயர்வு என்ற மூன்று சொற்களுக்குள் நகரத்தின் மாலைகள் அடங்கிப்போயின. இருட்ட முன்னம் வீட்டுக்கு வந்துவிடு என்பதே பிள்ளை வளர்ப்பின் முதல் பாடமாகியது. விடியும்வரை நீளும் கூத்துக்கு விடியும்வரை பாதுகாப்பான ஓர் இரவு வேண்டும். அது அன்று எங்களிடம் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரையைத் தாண்டி வந்தது. கடற்கரையில் மாலையில் அமரும் மனமே பலருக்கு இல்லாமல் போனது. ஓராண்டு கழித்து, 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் கூடியிருந்த மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நண்பர்களோடு காற்று வாங்கப் போன பிள்ளைகள் அவர்கள். ஒரு நகரத்தின் பொதுவெளி எவ்வளவு தூரம் பறிபோக முடியும் என்பதற்கு அந்த மாலையே சாட்சி. கலை விழா பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. பிள்ளைகள் மாலையில் பயமின்றிக் கூட முடியாத இடத்தில் கலை விழா என்ற சொல்லுக்கே பொருளில்லை. அந்த ஐவரையும் நினைக்காமல் அந்தக் கடற்கரையின் வரலாற்றை எழுதவும் முடியாது.

அதே 2006இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய நிலம் 2015இலும் 2016இலும்தான் விடுவிக்கப்பட்டது. கூத்தும் கும்மியும் இருந்த கிராமங்கள் முகாம்களில் கிடந்த அந்த ஆண்டுகளில் எத்தனையோ அண்ணாவிமார் தம் ஏடுகளை இழந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கற்பது வேறு, அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் கற்பது வேறு. முற்றம் போனால் பாடமும் போகும்.

இருட்டிலும் அணையாத விளக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், வவுனியா என்று பல இடங்களிலிருந்தும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் இங்கே வந்தார்கள். அவர்களில் எழுத்தாளர்கள் இருந்தார்கள், நாடகக்காரர்கள் இருந்தார்கள். மாகாண மட்டத்தில் நடந்த தமிழ் இலக்கிய விழா, 2007இல் கிழக்கு தனி மாகாணமான பிறகும் தொடர்ந்தது. நூல்களுக்குப் பரிசும் மூத்த கலைஞர்களுக்கு வித்தகர் விருதும் வழங்கப்படுகின்றன. 1895இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையைப் பெற்ற ஊருக்கு அது பொருத்தமான பெருமை. ஆனால் அந்த விழாக்கள் பெரும்பாலும் அழைப்பிதழ் விழாக்கள். மண்டபத்தில் பொன்னாடை இருந்தது. வீதியில் பிள்ளைகள் இல்லை.

திரும்பி வந்த கூட்டம்

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதற்கு முன் கிண்ணியாவிலிருந்து நகருக்கு வர மிதவைப் பாதையில் ஏற வேண்டும். மாலை நிகழ்ச்சி பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புவது நடக்காத காரியம். மூதூருக்குப் போகும் வழியிலிருந்த மற்றத் துறைகளிலும் அடுத்தடுத்துப் பாலங்கள் வந்தன. கலைக்கும் பாலத்துக்கும் என்ன தொடர்பு என்பதை மூதூரிலிருந்து பிள்ளைகளோடு நகருக்கு வரும் தாயிடம் கேட்டால் சொல்வார். வீடு திரும்பும் வழி உறுதியாக இருந்தால்தான் குடும்பம் வெளியே கிளம்பும்.

2024 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் செந்தில் தொண்டமானின் முயற்சியில் நடந்த பொங்கல் விழா அண்மைக் காலத்தில் இந்த மாவட்டம் கண்ட பெருங்கூட்டங்களில் ஒன்று. சம்பூரில் 6ஆம் திகதி ஜல்லிக்கட்டு நடந்தது. இரண்டு நாள் கழித்துத் திருகோணமலையில் 1,008 பொங்கல் பானைகளும் 500 கோலங்களும் 1,500 நடனக் கலைஞர்களின் பரதநாட்டியமும் ஒரே நிகழ்வில் சேர்ந்தன. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வெறுமையாக்கப்பட்ட சம்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆரவாரித்ததை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. சதங்கை கட்டிய அந்த 1,500 பேரில் பெரும்பகுதி நம் வீட்டுப் பெண்பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் எத்தனை நடன ஆசிரியைகளின் உழைப்பு, எத்தனை தாய்மாரின் தையல் வேலை!

எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. பெருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் எங்கே ஆடினார்கள்?

மற்ற நகரங்களின் அனுபவம் இங்கே உதவும். சென்னையில் 2007 பொங்கலையொட்டிச் சென்னை சங்கமம் தொடங்கியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் ஒயிலும் இலவசமாக மக்கள் முன் வந்தன. 2011இல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. மீண்டும் நடந்தது 2023இல். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 2011 மார்ச்சில் வெளிநாட்டு நிதியுதவியோடு இசை விழா தொடங்கியது. கூத்துக் குழுக்களும் வெளிநாட்டு இசைஞர்களும் ஒரே மைதானத்தில் நின்றார்கள். சில ஆண்டுகளில் அதுவும் ஓய்ந்தது. மாறாக, கொழும்பில் 1993இல் தொடங்கிய ‘கலா போல’ என்ற ஓவியச் சந்தை ஆண்டுக்கு ஒரு ஞாயிறு வீதியோரம் கூடுகிறது. ஓவியரே தன் படத்தோடு நிற்கிறார். குழந்தை அவரிடமே கேள்வி கேட்கலாம். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவில் மீனவர் குடியிருப்பின் நடுவிலேயே கர்நாடக இசையும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அங்கே விழாவை நடத்தியவர்களில் குப்பத்து மக்களும் இருந்தார்கள்.

இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. மேலிருந்து வரும் விழா பெரிதாக இருக்கும், அழகாக இருக்கும், ஆட்சியோடும் நிதியோடும் போய்விடும். தெரு தன் தோளில் சுமக்கும் விழா சிறிதாக இருக்கும், போரையும் தாண்டி நிற்கும். கும்ப விழா அதற்குச் சான்று.

உபயம் என்ற வழி

நம் கோயில்களுக்கு இதை நடத்தும் முறை தெரியும். ஈழத்துக் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ தொழிலுக்கோ தெருவுக்கோ உரிய உபயம். அன்றைய பூசை, மேளம், அன்னதானம் எல்லாம் உபயகாரர் பொறுப்பு. தாத்தா எடுத்த உபயத்தைப் பேரன் எடுக்கிறான். கனடாவிலிருந்தும் பணம் வரும். ஆனால் வேலை செய்ய ஊரில் ஆள் நிற்கும். யாருடைய பொறுப்பு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதே முறையை நகரத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கொண்டு வரலாம். மாதத்தில் ஒரு மாலை போதும். ஒரு மாதம் உவர்மலைப் பாடசாலைப் பிள்ளைகளின் உபயம். அடுத்த மாதம் மீன்சந்தைக்காரர். பிறகு கிண்ணியாவின் பொல்லடிக் குழு, தம்பலகாமத்துக் கூத்துக்காரர், ஓட்டோச் சங்கத்தினர், சிங்களப் பாடசாலையின் மேளக் குழு. இடம் கடற்கரையாக இருக்கட்டும், மைதானமாக இருக்கட்டும், கட்டணம் வேண்டாம். பிரமுகர் உரை வேண்டாம். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியட்டும். போகும் வழியெல்லாம் வெளிச்சம் இருக்கட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சுத்தமான கழிப்பறை இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் முதியவர் மேடை தெரியும் இடத்தில் இருக்கட்டும். கடைசி பஸ் நிகழ்ச்சி முடிந்த பிறகு புறப்படட்டும். தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பு இருக்கட்டும். செலவு பெரிதல்ல, பொறுப்பெடுக்க ஆள் வேண்டும். 1,500 பிள்ளைகளை ஒரே நாளில் ஆட வைத்த ஊருக்கு, மாதம் ஒரு முறை பதினைந்து பிள்ளைகளை ஆட வைப்பது முடியாத காரியமா?

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய விழா மலர்கள், கூத்து நோட்டீஸ்கள், பாடசாலைக் கலைவிழா அழைப்பிதழ்கள், கும்ப விழாப் படங்கள் இருக்கக்கூடும். கறையான் தின்னவோ பழைய பேப்பர்க்காரரிடம் போகவோ விடாதீர்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவாக்கிப் பாதுகாத்து வருகிறது. அவர்களிடம் ஒரு பிரதி சேரட்டும். இந்தத் தொடருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தெரு என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பின்புறம் எழுதி அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த இதழில்: வெருகல் சித்திர வேலாயுதர் ஆவணித் திருவிழாவும் கொட்டியாரப் பற்றின் நடைபாதைகளும்.

(தொடரும்)